இட்லியும் இரண்டு லட்சம் வருஷமும்

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. நீங்கள் அவர்கள் முன்னால் தும்மினால், சளி பிடித்திருக்கிறதா என்று கேட்கமாட்டார்கள். உங்கள் பாட்டனாருக்குப் பாட்டனாருக்குப் பாட்டனார் எந்தக் குகையில் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தார் என்பதிலிருந்து ஆரம்பிப்பார்கள். நீங்கள் கோபப்பட்டால் அது வேட்டைக்காரன் ரத்தம். கோபப்படாவிட்டால் அது காவல்காரன் ரத்தம். எழுந்து போய்விட்டால் நாடோடி ரத்தம். எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால், உங்களுக்கு வேறு வேலை இல்லை என்று அர்த்தம். இந்த ரகத்துக்கு நான் பரிணாமக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் இந்த வேலையைக் கிளி ஜோசியம் பார்த்துக்கொண்டிருந்தது. கிளிக்கு நாலு நெல் போட்டால் போதும்.

இவர்களைத் தேடி நீங்கள் அலைய வேண்டாம். ஆபீசுக்கு ஒருவர், தெருவுக்கு ஒருவர், கல்யாணப் பந்தியில் உங்கள் இலைக்கு அடுத்த இலையில் ஒருவர், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் குறைந்தது இரண்டு பேர். எனக்கு வாய்த்தவர் மகாராஜன் சார். தூத்துக்குடி பீச் ரோட்டில், துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்குக் கரையில் இருந்து காகித வேலை பார்த்துக் கொடுக்கிற ஒரு கப்பல் ஏஜென்சிக்கு அவர் மேனேஜர். நான் அங்கே பழைய எழுத்தர். இளசுகள் என்னை அண்ணாச்சி என்பார்கள்.

மகாராஜன் சார் ஒரு மனிதனை விளக்க ஆரம்பிப்பதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார். முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். சட்டை நுனியால் துடைப்பார். நாற்காலியைப் பின்னால் சாய்ப்பார். பிறகு, "இதுக்கு ஒரு காரணம் இருக்குல்லா?" என்பார். அவ்வளவுதான். வேலையைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டு நாங்கள் எல்லோரும் கிளம்பியாக வேண்டும். "இப்ப ரெண்டு லட்சம் வருஷம் பின்னால போங்க" என்று அவர் கையை வீசுவதைப் பார்த்தால், ஏதோ ரெண்டாம் ரயில்வே கேட்டைத் தாண்டி இடது கைப் பக்கம் திரும்பச் சொல்வதுபோல இருக்கும். நாங்களும் போவோம். போகாமல் என்ன செய்ய? எங்களுக்கு லீவு கொடுக்கிறவர் அவர்.

போய்ப் பார்த்தால் அங்கே எப்போதும் ஒரே காட்சிதான். ஒரு குகை. வெளியே ஒரு புலி. உள்ளே எங்கள் ஆபீஸ் ஆட்கள். ஒருவன் கம்பைத் தூக்கிக்கொண்டு வெளியே பாய்வான். அவன் துணிச்சல் ரகம். ஒருவன் மூலையில் ஒண்டுவான். அவன் பதுங்கல் ரகம். ஒருத்தி கிழங்கை அளவு பார்த்து அடுக்கிக்கொண்டிருப்பாள். அவள் ஒழுங்கு ரகம். இன்னொருவன் பக்கத்துக் குகையில் என்ன கறி என்று விசாரிக்கக் கிளம்பிவிடுவான். அவன் பழகுகிற ரகம். "எல்லாரும் துணிஞ்சவனா இருந்திருந்தா அத்தன பேரையும் புலி தின்னுருக்கும். எல்லாரும் பதுங்குனவனா இருந்திருந்தா பட்டினி கிடந்தே செத்திருப்பான். அதனால இயற்கை எல்லாத்தையும் கலந்துல்லா வச்சிருக்கு! மீன்லகூட அப்படித்தான். எரையப் பாத்ததும் பாயுதது ஒண்ணு, பாறைக்குள்ள போயி நின்னு பாக்குதது ஒண்ணு" என்பார்.

இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். ஒரு தப்பும் இல்லை. நானும் கொஞ்சம் வாசித்துப் பார்த்தேன். ஒரே இனத்தில் ஏன் ஒருவன் முந்துகிறான், ஒருவன் தயங்குகிறான், இரண்டு குணமும் அழியாமல் ஏன் கூடவே வருகின்றன என்று படித்தவர்கள் நியாயமாகத்தான் யோசிக்கிறார்கள். ஆனால் அந்த மனிதர்கள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'இருக்கலாம்', 'ஒருவேளை', 'இன்னும் பார்க்க வேண்டும்' என்று ஒரு வால் வைத்துத்தான் விடுகிறார்கள். ஊரோடு பார்த்தால் ஏதோ தெரியும், தனி ஆளைக் கண்டு ஒன்றும் சொல்ல முடியாது என்றும் சொல்லிவிடுகிறார்கள். அந்த வால் எல்லாம் கைப்பேசி வீடியோவிலிருந்து மகாராஜன் சார் காதுக்கு வருகிற வழியில் எங்கேயோ அறுந்து விழுந்துவிடுகிறது. காதுக்குள் நுழையும்போது 'இருக்கலாம்' என்பது 'இருக்கிறது' ஆகிறது. வாயிலிருந்து வெளியே வரும்போது 'உனக்கு இருக்கிறது' ஆகிவிடுகிறது.

ஆபீசில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் எங்கள் ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன் பெட்டி ஒன்று வரும். பெட்டியில் கடைசி மக்ரூன் மிஞ்சி நிற்கும். எடுக்கலாமா வேண்டாமா என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். "பாத்தீங்களா, இங்கனதான் குணம் தெரியும்" என்று மகாராஜன் சார் கண்ணாடியைக் கழற்றுவார். தயங்குகிறவன் ஏன் தயங்குகிறான், பங்கு போடுகிறவன் ஏன் பங்கு போடுகிறான் என்று ஆதி முதல் அந்தம் வரை சொல்லி முடிப்பார். முடிக்கும்போது பெட்டி காலியாக இருக்கும். அவர் வாயோரத்தில் முந்திரித் தூள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மட்டும் இதுவரை ஒரு விளக்கமும் வந்ததில்லை.

வீட்டிலும் இதே கதைதான். அவர் மனைவி அருணாசலவடிவு ஒருநாள் போன் பண்ணி, கேஸ் தீர்ந்துபோய்விட்டது, சொல்லி மூன்று நாளாகிறது, இன்னும் சிலிண்டர் வரவில்லை என்று சத்தம் போட்டார். பெண்ணுக்கு நெருப்பு அணைந்தால் ஏன் பதற்றம் வருகிறது, அந்தப் பதற்றம் குகை வாசலில் எப்படிப் பிறந்தது என்று இவர் ஆரம்பித்தார். போனில் அந்தம்மாள் குரல் எங்கள் மேஜை வரைக்கும் கேட்டது. "அப்ப மத்தியானச் சோத்துக்கு அந்தக் கொகைக்கே போயிக்கிடுங்க."

இவரை மடக்கிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். காயல்பட்டினத்து அஃப்ஸல் என்று ஒருவன் எங்கள் ஆபீசில் இருந்தான். அவன் கல்யாணத்துக்கு எல்லோரையும் அழைக்க வந்தபோது மகாராஜன் சார், "ஆம்பள தன் எல்லைய விட்டுக்குடுக்க மாட்டான். பொம்பளதான் எடம் மாறிப் போவா. மிருகத்துலேருந்தே அப்படித்தான் வருது" என்று அட்சதை போட்டார். அஃப்ஸல் சிரித்துக்கொண்டே, "எங்க ஊர்ல மாப்பிள்ளதான் சார் பொண்ணு வீட்டுக்குப் போயி இருப்பாரு. நானும் அங்கனதான் இருக்கப்போறேன்" என்றான். நாங்கள் எல்லோரும் காகிதத்துக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டோம். சார் கண்கூடச் சிமிட்டவில்லை. "அதத்தானல சொல்லுதேன்! எல்லைய விஸ்தரிக்கப் போறல்லா!" என்றார். நடந்தாலும் பரிணாமம், நடக்காவிட்டாலும் பரிணாமம். அப்புறம் எங்கே போய் மடக்குவது?

இந்த அஃப்ஸல்தான் எங்கள் போர்டிங் ஆள். கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நின்றால், லாஞ்ச் என்கிற சின்ன மோட்டார்ப் படகில் போய், கப்பலின் பக்கவாட்டில் தொங்குகிற நூலேணியில் ஏறி, கேப்டனைப் பார்த்து, காகிதங்களைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கி வருகிற வேலை. ஏறத் தெரிந்தவனுக்குத்தான் இந்தத் தொழிலில் மேலே வழி. ஏறாதவன் மேஜையிலேயே கிடந்து ரிட்டையர் ஆக வேண்டியதுதான். அதற்கு உதாரணம் வேண்டுமென்றால் என்னைப் பாருங்கள். கல்யாணமான அடுத்த வருஷம் அஃப்ஸல் துபாய்க்குப் போய்விட்டான். அவன் இடம் காலியானது. எங்கள் ஆபீசில் அந்த இடம் காலியாவது அபூர்வம். ஒருவர் உட்கார்ந்தால் பத்து வருஷத்துக்கு எழுந்திருக்க மாட்டார்.

அந்த இடத்தைக் கேட்டவள் செல்வலட்சுமி. தாமிரபரணிக் கரையில், ஏரல் பக்கம் ஒரு ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண். கப்பல் காகிதங்கள் அத்தனையும் அவள் கையில்தான் தயாராகும். மனப்பாடமாக எல்லாம் தெரியும், கப்பலைத் தவிர. "வேலைக்கு வந்ததுலேருந்து கப்பலப் பேப்பர்லதான் பாக்கேன் அண்ணாச்சி. இந்தத் தடவ விட்டா நான் அந்த மேஜையிலயே கிடந்து மக்கிப் போவேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, துப்பட்டாவை இழுத்துச் சரி செய்துகொண்டு மேனேஜர் அறைக்குள் போனாள். நானும் ஏதோ கையெழுத்து வாங்குகிற சாக்கில் பின்னாலேயே போனேன்.

மகாராஜன் சார் அவள் கேட்டு முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுக்கு ஒரு காரணம் இருக்கும்மா. நீங்க ஆத்துக்காரங்க. நெல்லு வெதச்சு, தண்ணி பாச்சி, மாசக்கணக்கா காத்துக் கிடந்து அறுத்த வம்சம். பொறுமை, ஒழுங்கு, இருந்த எடத்துல இருக்கது. அதான் உன் பேப்பர்ல ஒரு தப்புகூட வரமாட்டேங்கு. உன்ன ஏணியில ஏத்துனா அது இயற்கைக்கு விரோதம்."

"சார், எங்கப்பா ஆட்டோ ஓட்டுதாரு. எங்களுக்கு வயலே கிடையாது."

"ஆட்டோ ஓட்டுனா என்ன? ஜீனு இறங்கியா போயிரும்?"

செல்வலட்சுமி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சார், கேக்குதவங்க எல்லாரையும் ஒரு தடவ லாஞ்சுல கூட்டிட்டுப் போயி ஏத்திப் பாத்திருவோமா?" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "தெரிஞ்ச விஷயத்த எதுக்குவே சோதிச்சுப் பாக்கணும்?" என்றார். இந்த ரகத்தின் வேதமே இந்த ஒரு வரிதான். ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அவர் மனத்தில் ஏற்கெனவே ஆள் இருந்தான். மெல்வின். எங்கள் ஆபீசில் கணக்குப் பார்க்கிற பையன், கடலோர மீனவர் குடியிருப்பான திரேஸ்புரத்துக்காரன். மகாராஜன் சார் அவனை அறைக்குக் கூப்பிட்டுத் தோளில் கைபோட்டு, "உன் முன்னோரு முத்துக் குளிச்சவங்கல்லா! மூச்ச அடக்கி ஆழம் பாத்த ரத்தம் இது! உன்ன இந்தக் கம்ப்யூட்டர் முன்னால உக்கார வச்சது எங்க தப்புதான்ல" என்று நெகிழ்ந்துபோனார். மெல்வின் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருந்தது. பணிவு என்று சார் எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் என்னைப் பிடித்துக்கொண்டான். "அண்ணாச்சி, எனக்குக் கடல்னாலே ஆகாது. எங்க பெரியப்பா தொழிலுக்குப் போனவரு திரும்பி வரல. அதுலேருந்து எங்கம்மா என்னக் கடற்கரைக்கே விட்டதில்ல. மாதா கோயில் திருவிழா ராட்டினத்துல ஏறுனாலே எனக்குத் தலை சுத்தும்."

"ஏலே, இத உள்ள வச்சுச் சொல்லியிருக்க வேண்டியதான?"

"திரேஸ்புரத்தான் கடலுக்குப் பயப்படுதான்னு சொன்னா எங்க தெருவுல நான் நடமாட முடியுமா அண்ணாச்சி? செத்தாலும் சொல்லமாட்டேன்."

பாருங்கள் கூத்தை. ஏற ஆசைப்படுகிறவளை ஏறாதே என்கிறார். ஏற முடியாதவனை ஏறு என்கிறார். அவளுக்கு வயல் இல்லை, இவனுக்குப் படகு இல்லை. ஆனால் இருவரும் தங்கள் தங்கள் ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறார்கள். எனக்கு மகாராஜன் சார் மீது ஆத்திரமாக வந்தது. என்ன செய்ய, மறுநாள் எனக்கும் லீவு வேண்டியிருந்தது.

இந்தோனேசியாவிலிருந்து நிலக்கரி ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் வந்து வெளியே நின்றது. மெல்வினுக்கு முதல் போர்டிங். தம் கொள்கை கண் முன்னால் நிரூபணமாவதைப் பார்க்க மகாராஜன் சாரும் கிளம்பினார். கூட விளக்கம் கேட்க ஒரு ஆள் வேண்டுமென்று என்னையும் ஏற்றிக்கொண்டார். சரக்குக் காகிதத்தில் ஒரு சிக்கல் இருந்தது. அது செல்வலட்சுமிக்குத்தான் தெரியும். "நீ ஏறாண்டாம், லாஞ்சுல இருந்து பையனுக்குச் சொல்லிக் குடுத்தாப் போதும்" என்று அவளையும் வரச் சொன்னார். அன்றைக்குள் கையெழுத்து வாங்காவிட்டால் கப்பலுக்குத் துறைமுகத்துக்குள்ளே இடம் கிடைக்காது என்று முதலாளி வேறு போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

முயல் தீவைத் தாண்டி, அலை தடுக்கிற கற்சுவரைத் தாண்டும் வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வெளியே வந்ததும் கச்சான் என்கிற மேற்குக் காற்று பிடித்துக்கொண்டது. லாஞ்ச் முன்னால் எழும்பிப் பின்னால் குத்தியது. பின்னால் எழும்பி முன்னால் குத்தியது. மகாராஜன் சார் லைஃப் ஜாக்கெட்டோடு ஒரு கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, மெல்வினைப் பார்த்து உற்சாகமாகக் கத்தினார்.

"மூச்ச நல்லா இழுல! ஏதாவது ஞாபகம் வருதா?"

"என்ன ஞாபகம் சார்?"

"உன் முன்னோரு!"

"இல்ல சார். காலைல தின்ன இடியாப்பம்தான் வருது" என்றான் மெல்வின். சொன்னபடி அது வந்தேவிட்டது.

சார் அதைப் பார்த்துத் தலையை ஆட்டி, "ஒடம்பு பழசுக்குத் திரும்புதுவே" என்று என்னிடம் விளக்க ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். கண் ஒரு மாதிரி ஆனது. அப்படியே திரும்பி லாஞ்சின் விளிம்பில் குனிந்தார். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. கடைசியில் வாயைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்து, "அந்தக் கடை இட்லி. மாவு புளிச்சிருந்துச்சு. வாய்ல வைக்கும்போதே நெனச்சேன்" என்றார்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமென்று இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தேன். மெல்வின் வாந்தி எடுத்தால் இரண்டு லட்சம் வருஷம். மகாராஜன் சார் வாந்தி எடுத்தால் காலை இட்லி. அடுத்தவன் ஆபீசுக்குத் தாமதமாக வந்தால் அவனுக்கு நாடோடிக் குணம். இவர் தாமதமாக வந்தால் ரெண்டாம் கேட் பூட்டியிருந்தது. அடுத்தவன் கத்தினால் வேட்டைக்காரன் ரத்தம். இவர் கத்தினால் அன்றைக்கு வெயில் அதிகம். உலகத்தில் எல்லோருக்கும் குணம் இருக்கிறது, இவருக்கு மட்டும் காரணம் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் தம் முன்னோர் எந்தக் குகையில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு ஒரு சந்தேகம் உண்டு: புலி வந்தபோது அதை விளக்கிக்கொண்டிருந்தவன்தான் அந்த வம்சத்து ஆதி மனிதன். நின்று கேட்டவர்களைப் புலி தின்றிருக்கும். அந்த நேரத்தில் இவன் நழுவியிருப்பான்.

கப்பலை ஒட்டிக்கொண்டு நின்றோம். சுவர் மாதிரி உயரம். மேலேயிருந்து மரப்படி வைத்த நூலேணி தொங்கியது. ஒரு மாலுமி எட்டிப் பார்த்துக் கையசைத்தான். லாஞ்ச் ஓட்டுகிற ஜெபசிங் அண்ணன், "பையன ஏறச் சொல்லுங்க சார், ரொம்ப நேரம் ஒட்டிக்கிட்டு நிக்க முடியாது" என்றார். மெல்வின் ஏணியைப் பிடித்தான். ஒரு காலை வைத்தான். லாஞ்ச் சடாரென்று கீழே இறங்கியது. "மாதாவே!" என்று அலறிக்கொண்டு திரும்பிப் பாய்ந்தவன், ஜெபசிங் அண்ணனின் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். "ஏலே, விடுல! நான் சுக்கானப் பிடிக்கணும்ல!" என்று அவர் கத்துகிறார். இவன் விட்டால்தானே? எனக்கு அழுகை வந்துவிட்டது. பெற்றவள் பொத்திப் பொத்தி வளர்த்த பையனைக் கூட்டிவந்து இப்படியா நிறுத்துவது?

மகாராஜன் சாரோ மறுபடி விளிம்பில் குனிந்துவிட்டார். இட்லியின் இரண்டாவது பகுதி வந்துகொண்டிருந்தது. மேலே மாலுமி எதையோ கத்தினான். முதலாளியின் போன் சார் சட்டைப் பையில் அடித்துக்கொண்டே இருந்தது.

செல்வலட்சுமி எழுந்தாள். துப்பட்டாவைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். காகிதப் பையை முதுகில் மாட்டினாள். "அண்ணே, எப்பப் பிடிக்கணும்?" என்று ஜெபசிங் அண்ணனைக் கேட்டாள். "லாஞ்சு மேல எழும்பும்லா, அப்பப் பிடிச்சுட்டு நிக்காம ஏறிரணும்மா. கீழ பாக்காத" என்றார். லாஞ்ச் எழும்பியது. அவள் பிடித்தாள். ஏறினாள். நடுவில் ஒருமுறை காற்றில் ஏணி ஆடியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். மாலுமி கைகொடுத்துத் தூக்கினான். மேலே போய் நின்று ஒரு தடவை எங்களைப் பார்த்தாள் பாருங்கள், அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன்.

கையெழுத்தோடு அவள் இறங்கி வந்ததும் மெதுவாகக் கேட்டேன், பயமாக இல்லையா என்று. "கால் ரெண்டும் வெடவெடன்னு ஆடிட்டு அண்ணாச்சி. எங்க வீட்டு மாடித் தண்ணித் தொட்டிய இரும்பேணியில ஏறி நான்தான் கழுவுவேன். அத நெனச்சுக்கிட்டே ஏறிட்டேன்" என்றாள். கவனித்தீர்களா? குகையும் இல்லை, புலியும் இல்லை. ஒரு தண்ணீர்த் தொட்டி. அதுவும் அவள் தம்பிமார் ஏற மறுத்த தொட்டி.

கற்சுவருக்கு உள்ளே வந்து தண்ணீர் அமைதியான பிறகு மகாராஜன் சார் முகத்தைக் கழுவினார். கண்ணாடியைக் கழற்றினார். "இதுக்கு ஒரு காரணம் இருக்குல்லா" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவரைத் தண்ணீரில் தள்ளியிருக்க வேண்டும். ஆனால் அவர் சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன். "கடல்ல துணிஞ்சு போனவன் எல்லாம் போயே போயிட்டான். பயந்து கரையில நின்னவன்தான் பிழைச்சுப் பிள்ள பெத்தான். அப்ப இப்ப இருக்கவன் யாரு? பயந்தவன் வம்சம்! கடக்கரைக்காரனுக்குக் கடல் பயம் ரத்தத்துலயே வருதுவே. ஆத்துக்காரங்களுக்கு அந்தப் பயம் கிடையாது. அதான் ஏறிட்டா. நான் அப்பவே இத யோசிச்சிருக்கணும்." மெல்வின் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். அவன் பெரியப்பாவைப் பற்றி இந்த மனிதருக்கு ஒரு எழுத்துத் தெரியாது. அவன் தலையைக் குனிந்து லாஞ்சின் தரையைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

செல்வலட்சுமிக்கு வேலை கிடைத்தது. அந்தமட்டில் சந்தோஷம். இரும்பேணிக்காகவோ ஆசைக்காகவோ கிடைக்கவில்லை, ஆற்றுக்காரி என்பதற்காகத்தான் கிடைத்தது. எந்த ஊர்ப் பெயரால் மறுத்தாரோ அதே ஊர்ப் பெயரால் கொடுத்தார். மகாராஜன் சார் தம் புதிய கண்டுபிடிப்பை மெல்வின் கதையோடு சேர்த்துத் துறைமுகம் முழுக்கச் சொன்னார். அது திரேஸ்புரம் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? பையன் இப்போது சாயங்காலம் நேரே வீட்டுக்குப் போவதில்லை. தெரு அடங்கட்டும் என்று ஆபீசிலேயே உட்கார்ந்து இல்லாத கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

கதையை இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் கப்பல்கள் கூடிவிட்டதால் போன மாதம் இன்னொரு போர்டிங் ஆள் தேவைப்பட்டது. இன்பமணி என்று ஒரு பெண் வந்திருந்தாள். திரேஸ்புரம். அப்பா சங்கு குளிக்கிறவர். அண்ணன்மார் படகுத் தொழில். மகாராஜன் சார் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் வாய் திறக்கவில்லை. போர்டிங் விஷயத்தில் இப்போது செல்வலட்சுமி சொல்வதுதான் முடிவு. அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"திரேஸ்புரமா சார்?" என்றாள் செல்வலட்சுமி. "வேண்டாம் சார். மெல்வினப் பாத்தோம்லா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடிப் பாவி, உன்னை இதே அறையில் வைத்து இதே மாதிரிதானே சொன்னார்! "ஏளா, அந்தப் பிள்ளைய ஒரு தடவ ஏத்திப் பாப்போம்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே, "எதுக்கு அண்ணாச்சி? தெரிஞ்சதுதான?" என்றாள். சார் பெருமையோடு தலையாட்டினார்.

உங்களுக்கும் கோபம் வருகிறது அல்லவா? வரட்டும். 'என்ன அநியாயம் இது! சங்கு குளிக்கிறவர் மகள், அண்ணன்மார் கடலிலேயே கிடக்கிறவர்கள், அவள் ஏறாமல் வேறு யார் ஏறுவாள்?' என்றுதானே உங்கள் மனசு சொன்னது? என் மனசும் அதையேதான் சொன்னது. அவள் ஏறுவாளா மாட்டாளா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. இன்பமணி மத்தியானம் வரை வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். ஏறிப் பார்க்கிறாயா என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை, நீங்களும்தான் கேட்கவில்லை. சரி, அந்தக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள். எப்போது கழற்றினீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.